இரண்டாம் தண்ணீர்

நிலவின் தென்முனையில் கீரை வளர்க்க ஒருமுறை முயன்று பார்த்தார்கள். பூஞ்சை பிடித்து வளர்ப்பறையையே மூட வேண்டியதாகிவிட்டது. அதன் பிறகு கம்பெனி தீர்மானித்துவிட்டது: இங்கே பனி வெட்டுகிற எண்பது பேரும் உறைய வைத்த சாப்பாட்டிலும் டின் சாப்பாட்டிலும்தான் வாழ வேண்டும். பச்சைக் காய்கறி என்ற ஒன்றே கிடையாது. ஒரு மனிதக் கூட்டம் வருடக்கணக்கில் இப்படி வாழ முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. எங்களை வைத்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார்கள்.

நான் சாத்தூர்க்காரன். துளையிடும் இயந்திரங்களைப் பழுது பார்க்க வந்தவன். வாய் கொஞ்சம் அதிகம். வந்த முதல் நாளே சமையலறையில் நின்று, "டின்னுல அடைச்சதுல என்ன சத்து இருக்கப்போவுது?" என்று கேட்டுவிட்டேன்.

அடுப்படியில் நின்ற பெண்மணி திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். உடம்பில் ஈயத்தகடு வைத்துத் தைத்த எடைச்சட்டை. நிலவில் எல்லாமே ஆறில் ஒரு பங்குதான் கனக்கும் என்பதால் எலும்பும் இதயமும் சோம்பேறியாகிவிடும். அதற்காகத்தான் அந்தச் சட்டை. எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். தினமும் போட்டவர் அவர் ஒருவர்தான்.

"உம் பேரு என்னலே?"

"தவசி."

"தவசி, ஊர்ல சந்தைக் கீரை தின்னுருக்கியா? பறிச்சு எத்தனை நாளாச்சுன்னு கடைக்காரன்கிட்ட கேட்டியா? லாரியில கொஞ்சம், வெயில்ல கொஞ்சம், உங்க வீட்டு மூலையில கொஞ்சம்னு சத்தெல்லாம் வழியிலயே சிந்திட்டு வரும். இந்தப் பட்டாணி பறிச்ச அன்னைக்கே உறைஞ்சது. அதுல உள்ளது அப்பிடியே உறங்கிட்டுக் கிடக்கு. நான் தட்டி எழுப்பணும், அவ்வளவுதான். உக்காரு. தின்னுட்டுப் பேசு."

அவர்தான் ஜெனோவா அக்கா. குளச்சல் பக்கம். நிலையத்தின் சமையல் பொறுப்பு முழுக்க அவருடையது.

அன்று தட்டில் வைத்ததை இப்போதும் சொல்வேன். உறைந்த முருங்கைக்காய் போட்ட பருப்பு, தேங்காய்ப்பூ தூவிய பட்டாணிப் பொரியல், டின் மத்தி மீனை வடித்து மிளகு அரைத்துப் புரட்டிய வறுவல். "முள்ளத் துப்பாத. டின்னுக்குள்ள வெந்து மாவாத்தான் இருக்கும். எலும்புக்கு அதவிட மருந்து கெடையாது" என்றார். தின்று முடித்து அன்னாசித் துண்டு ஒன்றை வாயில் போட்டேன். சர்க்கரைப் பாகில் ஊறியதைப் பூமியிலிருந்து அனுப்பவே அவர் விடுவதில்லை. பழத்தின் சொந்தச் சாற்றில் ஊறியதுதான் வரும்.

உறைந்த காயை முதலில் வெளியே வைத்து இளக விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அக்கா அப்படிச் செய்யமாட்டார். கல் மாதிரி இருப்பதை அப்படியே காய்ந்த சட்டியில் கொட்டுவார். நாலு புரட்டு. பச்சை நிறம் மாறுவதற்குள் இறக்கிவிடுவார். "இளக விட்டா அழுதுரும். அழுத காயில ருசியும் இருக்காது, ஒண்ணும் இருக்காது." அந்தக் கை வேகத்தைப் பார்ப்பதற்காகவே நான் வேலை முடிந்ததும் அங்கே போய் உட்கார ஆரம்பித்தேன். எனக்கு ஊரிலிருந்து செய்தி வருவதில்லை. போய் உட்கார வேறு இடமும் இல்லை.

அங்கே இன்னொருவரும் இருப்பார். அருமைநாயகம் அண்ணன். அவரும் குளச்சல்தான். வெயிலே படாத பள்ளத்தின் இருட்டுக்குள் இறங்கி, எங்கள் தண்ணீருக்கான பனியை வெட்டியவர். ரத்த அழுத்தம் ஏறியதால் விண்ணுடை போடக்கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அதனால் சமையலறையில் டின் திறக்கிற வேலை.

ஒப்பந்தம் முடிந்தும் ஊருக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள் அக்காவும் இவரும்தான். இருவருக்கும் ஒரே வியாதி, ரத்த அழுத்தம். பூமிக்குள் நுழையும்போது கப்பல் ஆளைப் போட்டு அழுத்தும். அழுத்தம் அதிகமுள்ளவனுக்கு மூளையில் நரம்பு தெறித்துவிடும். அதனால் கப்பல் வாசலில் ஒரு விளக்கு. கையில் கட்டியிருக்கிற பட்டையை அதில் காட்ட வேண்டும். பச்சை எரிந்தால் ஏறலாம். சிவப்பென்றால் திரும்பி வர வேண்டும்.

கப்பல் வருவது ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை. வரப்போகிற கப்பலில் ஊர் திரும்ப ஒரே ஒரு இருக்கைதான் காலி.

அந்த முறை கப்பல் வர நாலு மாதம் இருக்கும்போது டாக்டர் ஷமீமா சமையலறைக்கு வந்தார். காயல்பட்டினத்துப் பெண். சிறிய வயது, ஆனால் சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

"அருமை அண்ணே, உக்காருங்க. உங்க இதயம் இங்கத்த எடைக்குப் பழகிட்டு வருது. இந்தக் கப்பல்ல போனா பூமி தாங்கும். அடுத்ததுக்குக் காத்திருந்தா தாங்காது. அப்புறம் வாழ்நாள் பூரா இங்கதான்."

அருமை அண்ணன் கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தார்.

"எம் பொண்டாட்டி என்னைய சும்மா விடமாட்டா டாக்டரே. வரலேன்னா நானே ஏறி வந்து இழுத்துட்டு வாரேன்னு போன வாரங்கூட ஏசினா."

"அப்ப அழுத்தத்த எறக்குங்க."

"எறக்கத்தானே அக்கா ஆக்கிப் போடுதா?"

அதுதான் யாருக்கும் புரியவில்லை. எங்கள் சமையலறையில் ஒரு கணக்கு இயந்திரம் உண்டு. நாங்கள் வைத்த பெயர் கணக்குப்பிள்ளை. கையிலுள்ள பட்டை உடம்பில் என்ன குறைகிறது, என்ன கூடுகிறது என்று அதற்குச் சொல்லும். அது யாருக்கு எந்த டின், எந்தப் பை என்று அக்காவுக்குச் சொல்லும். டின் பயறுகளில் கெடாமல் இருக்க உப்புப் போட்டிருப்பார்கள். நன்றாகக் கழுவினால் பாதிக்குக் கொஞ்சம் குறைவான உப்பு போய்விடும். கழுவியதும் ஒரு பொத்தானை அழுத்தினால் கணக்குப்பிள்ளை உப்பைக் கழித்துக்கொள்ளும். கணக்குப்படி அருமை அண்ணன் சாப்பிட்ட உப்பு ஒரு குழந்தை சாப்பிடுகிற அளவுதான். பட்டை காட்டிய அழுத்தமோ ஏறிக்கொண்டே போனது.

"திருட்டுத்தனமா ஏதாவது தின்னுறீங்களா?"

"டாக்டரே, இங்க திருடணும்னா நிலாவுல எங்க ஒளிக்க?"

அக்காவுக்கு அந்தக் கேள்வி சுட்டுவிட்டது. "என் சமையல்ல சந்தேகம்னா நாளைக்கு முழுக்க வந்து பக்கத்துல நில்லு" என்றார். டாக்டர் வந்து நின்றார். நானும் விடுப்புப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றேன்.

அருமை அண்ணன் ராஜ்மா டின்களைத் திறந்தார். சல்லடையில் கொட்டினார். ஒரு தண்ணீர், இரண்டு தண்ணீர், மூன்று தண்ணீர் என்று அரிசி களைவது போல அலசினார். பொத்தானை அழுத்தினார். அக்கா அதைத் தாளித்து இறக்கினார். டாக்டர் ஒன்றிரண்டு பயறை வாயில் போட்டு மென்று தலையாட்டினார்.

பிறகு கேட்டார், "அந்தப் பானை என்ன?"

சல்லடைக்கு அடியில் இருந்த பானை.

"ரெண்டாந்தண்ணி" என்றார் அருமை அண்ணன். "கழுவின தண்ணி. ரெண்டாவது தடவைக்கு ஆவும்."

"அத என்ன செய்வீங்க?"

"ரசம் வைப்போம்."

டாக்டர் பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"எல்லா டின் கழுவின தண்ணியுமா?"

"பின்ன, கீழயா ஊத்துவாவ?" அண்ணனுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "இது என்ன தண்ணின்னு தெரியுமா உனக்கு? ரெண்டு மைலு இருட்டுல எறங்கி, கை மரத்து, நான் வெட்டிக் கொண்டாந்தது. இதோட ஒவ்வொரு சொட்டும் எனக்குத் தெரியும்."

"நீங்க எத்தனை டம்ளர் ரசம் குடிப்பீங்க?"

"ஒரு... மூணு."

"ஆறு" என்றார் அக்கா, மெதுவாக. அவர் முகம் மாறியிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"இந்த நிலையத்துல வடிகால்ல ஊத்துற ஒவ்வொரு சொட்டும் சுத்தமாகி மறுபடி குழாய்க்கே வந்துரும். ஊத்தினா எதுவும் வீணாகாது" என்றார் டாக்டர். "பயறுல இருந்து கழுவி எடுத்த உப்பு பூரா இந்தப் பானையில இருக்கு. கணக்குப்பிள்ளை அது போயிருச்சுன்னு நெனச்சிட்டிருக்கு. நீங்க அதக் கொதிக்க வெச்சு ஆறு டம்ளர் குடிக்கிறீங்க. உங்களுக்கும் அக்காவுக்கும் உப்பு சேர்ந்தா ஒரே நாள்ல அழுத்தம் தூக்குற உடம்பு. மத்தவங்க தப்பிச்சிட்டாங்க."

"உப்புக் கரிச்சிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதா?" என்று நான் கேட்டேன்.

"தெரியாது. இங்க எல்லாருக்கும் மூக்கு அடைச்சே இருக்கு. ரத்தம் மேல தலைக்கு ஏறி நிக்குது. நாக்குக்குப் பாதி ருசிதான் தெரியும்."

அக்கா பானையைத் தூக்கினார். வடிகால் வரை கொண்டுபோனார். அங்கே போய் நின்றுகொண்டார். கை சாயவில்லை. "எலேய் அருமை, நீயே வந்து ஊத்து. என்னால முடியல."

அண்ணனாலும் முடியவில்லை. கடைசியில் டாக்டர்தான் வாங்கி ஊற்றினார். நாங்கள் மூவரும் இழவு வீட்டில் நிற்பது போல நின்றோம்.

அதன் பிறகு அந்தச் சமையலறையில் நடந்ததை நான் வியந்துதான் பார்த்தேன். பிடித்த ரசம் போய்விட்டது. எண்பது பேரும் கத்துவார்கள் என்று பயந்தேன். அக்கா சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நின்று சொன்னார்: "அருமைக்கு ஊருக்குப் போவணும். அவன் மட்டும் சப்புன்னு தின்னா அவனுக்குத் தொண்டையில எறங்காது. எல்லாரும் சேர்ந்து தின்னா எறங்கும். என்ன சொல்லுதிய?" ஒருவரும் மறுக்கவில்லை. முதல் வாரம் வாயில் வைக்க முடியவில்லை என்பது உண்மை. அக்கா விடவில்லை. டின் தக்காளியை நீர் சுண்டும்வரை வதக்கினார். அதில் புளியும் சீரகமும் வறுத்த மிளகும். உறைந்த கறிவேப்பிலையை எண்ணெயில் கருக விட்டு நொறுக்கிப் போட்டார். கொண்டைக்கடலையைச் சட்டியில் வெறுமனே வறுத்து எலுமிச்சைத்தூள் தூவினார். மூக்கு அடைத்தவனுக்கும் எட்டுகிற மணம் அது. மூன்றாவது வாரம் சுரங்க ஆட்கள் தட்டை நீட்டி இரண்டாம் முறை கேட்டார்கள். ஒரு துளி உப்பு கூடுதலாக இல்லாத சாப்பாட்டை!

பட்டைகள் இறங்கின. கப்பல் வர ஒரு வாரம் இருக்கையில் அருமை அண்ணனின் அளவு, கப்பல் ஏற விடும் கோட்டுக்குக் கீழே வந்தது. கூடத்தில் கைதட்டினார்கள். அண்ணன் வேட்டியே இல்லாத ஊரில் வேட்டியை மடித்துக் கட்டுவது போலப் பாவனை காட்டி ஆடினார்.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் மூவரையும் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"ஜெனோவாக்கா, நீங்களும் அதே சாப்பாடுதான சாப்பிட்டீங்க. உங்க அளவும் எறங்கிருச்சு. நீங்களும் போகலாம்."

"அதுக்கென்ன, நல்லதுதானே?"

"இருக்கை ஒண்ணுதான். வந்து அதிக நாளானவங்களுக்குத்தான் முதல் உரிமை. இத்தனை நாளும் நீங்க கோட்டுக்கு மேல இருந்ததால கணக்குல வரல. இப்ப வந்துட்டீங்க. இருக்கை உங்களோடது."

நான் அருமை அண்ணனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன்.

"நான் அவனுக்கு விட்டுத்தாரேன்" என்றார் அக்கா உடனே.

"விட்டுத்தந்தா நான் ஏறமாட்டேன்." அண்ணன் குரல் உயரவில்லை. "அக்கா எனக்கு முந்தி வந்தவ. எனக்கு ஆக்கிப்போட்டே கெழவியானவ. அக்கா, உன் தங்கச்சி பிரிஜித் ஒவ்வொரு செய்தியிலயும் எப்ப வாரே எப்ப வாரேன்னு கேக்குதா. உன் எடத்துல ஏறிப் போயி நான் எம் பொண்டாட்டி மூஞ்சியில எப்பிடி முழிப்பேன்? அவ செருப்பக் கழத்துவா."

"உனக்கு இதுதாம்லே கடைசிக் கப்பலு!"

"இருக்கட்டும். இங்க எனக்கு என்ன கொறச்சல்? தவசி இருக்கான், பட்டாணி இருக்கு."

 ஒரு வாரமும் அக்கா திட்டினார், கெஞ்சினார், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே டின் கழுவினார். இப்போது தண்ணீரை வடிகாலில் ஊற்றப் பழகியிருந்தார். ஊற்றும்போது மட்டும் வேறு பக்கம் பார்ப்பார்.

கப்பல் கிளம்புகிற அன்று காலை காப்பிக்காகக் கொஞ்சம் முன்னதாகவே சமையலறைக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் திறந்த டின்கள். உப்புநீரில் போட்ட மத்தி, மாவடு, உப்பு நெல்லிக்காய். மத்தி டின்னை இரண்டு கையாலும் தூக்கி அதிலிருந்த நீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

"கதவச் சாத்துலே."

சாத்தினேன்.

"அக்கா, உங்களுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?"

"எனக்கு ஒண்ணும் ஆவாது. இத்தனை வருசம் இந்தச் சட்டையச் சும்மாவா சொமந்தேன்? எனக்கு இன்னொரு கப்பலு தாங்கும்னு டாக்டரே சொல்லிருக்கு. அவனுக்குத் தாங்காது." அவர் வாயைத் துடைத்தார். "விட்டுக் குடுத்தா ஏறமாட்டான். விளக்குல நான் தோத்துப்போனா ஏறுவான். நேத்துக் காலையில இருந்து தின்னுட்டிருக்கேன். நீ ஒண்ணும் பாக்கல, கேட்டியா? போ."

நான் காப்பி போடாமலே வந்துவிட்டேன்.

கப்பல் வாசலில் டாக்டர் நின்றிருந்தார். பாதி நிலையம் வழியனுப்ப வந்திருந்தது. அக்கா கை காட்டினார். சிவப்பு எரிந்தது. கூட்டம் 'ச்சே' என்றது. டாக்டர் அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார். விரல்கள் உப்பியிருந்தன. மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது. டாக்டர் அந்த மோதிரத்தை ஒருமுறை திருகிப் பார்த்தார். திரும்பவில்லை. கையை விட்டுவிட்டு, "அடுத்து" என்றார்.

அருமை அண்ணன் முகம் வெளுத்திருந்தது. கையை நீட்டினார். பச்சை.

அவர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டையைத் துடைத்துவிட்டு மறுபடியும் காட்டினார். மறுபடியும் பச்சை. சந்தோஷத்தில் நம்ப முடியவில்லை போல என்று நினைத்தேன்.

"அக்கா, இது எப்பிடி... நீ நல்லாத்தானே இருந்த..."

"வயசாயிட்டுல்லா? ஏறு இறங்குன்னுதான் இருக்கும்."

"நான்..."

"நீ ஏறலேன்னா இருக்கை சும்மாதாம்லே போவும். எனக்கா வரப்போவுது? போ. பிரிஜித்கிட்ட போயி அக்கா அடுத்த கப்பல்ல வாரான்னு சொல்லு. அழாம சொல்லணும், கேட்டியா?"

இரண்டு கையாலும் அவர் முதுகில் தள்ளினார். ஆறில் ஒரு பங்கு எடை. அண்ணன் கிட்டத்தட்டப் பறந்தே கப்பலுக்குள் போனார். கதவு மூடியது.

சமையலறைக்குத் திரும்பியதும் அக்கா எடைச்சட்டையோடு அப்படியே சாய்ந்து உட்கார்ந்தார். "தண்ணி." கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார். மறுபடி கொடுத்தேன். நாலாவது டம்ளரின்போது டாக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். அக்காவின் கையில் சோப்பைத் தடவி மோதிரத்தைக் கழற்ற ஆரம்பித்தார்.

"எத்தனை டின்?"

"என்ன டின்?" என்றார் அக்கா.

"சரி, சொல்ல வேணாம். நான் ஒண்ணு சொல்றேன். நேத்து சாயங்காலம் அருமை அண்ணன் என்கிட்ட வந்தாங்க. உப்பு மாத்திரை கேட்டாங்க. சமையலறையில உங்க கண்ணத் தப்பி ஒரு சிட்டிகை எடுக்க முடியலையாம். தான் சிவப்பு காட்டிட்டா நீங்க மனசு உறுத்தாம ஏறிப் போவீங்களாம்."

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார்.

"குடுத்தியா?"

"ஒரு கை நிறையக் குடுத்தேன். சுண்ணாம்பு மாத்திரை."

"சுண்ணாம்பா?"

"கால்சியம். எலும்புக்கு நல்லதுதான? அவர் உப்புன்னு நெனச்சு முழுங்கிட்டு, நன்றி சொல்லிட்டுப் போனாரு."

அக்கா டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு ஒரு சிரிப்பு வந்தது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்து, நிலவில் எல்லாம் விழுகிற மாதிரி மெதுவாக விழுந்தது. சிரித்துச் சிரித்து முடிவில் அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

"திருட்டுப் பய" என்றார், சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எனக்கே தெரியாம!"

"நீங்க தின்னதும் அவருக்குத் தெரியாமத்தான" என்றார் டாக்டர். மோதிரம் கழன்றது. அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

 பிறகு அக்கா எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்ச் சட்டியை வைத்தார். எண்பது பேரில் ஒருவர் போனாலும் மீதிப் பேருக்குப் பசிக்குமே.

"தவசி, பட்டாணி ரெண்டு பை எடு. அப்பிடியே கல்லாட்டம் கொண்டா. இனி டின் தெறக்கவும் நீதான்."

எடுத்துக் கொடுத்தேன். சூடான சட்டியில் பட்டாணி சடசடவென்று பொரிந்தது. அந்தப் பச்சை நிறத்தைப் பார்த்துக்கொண்டே நான் கேட்டேன்:

"உப்பு போடவாக்கா?"

அக்கா கரண்டியை ஓங்கினார்.